ஒரு சால் தண்ணீருக்கு எத்தனை அடி

தஞ்சாவூரில் பொறியியல் நான்காம் வருடம் படித்தபோது நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பாய் செய்தோம். மிதித்தால் மின்சாரம் தரும் பாய். இரண்டு பிளைவுட் பலகைகள், நடுவே காசு மாதிரி மெல்லிய பித்தளை வட்டுகள் இருபத்துநாலு, நாலு டையோடு, ஒரு கப்பாசிட்டர், முனையில் ஒரு எல்இடி விளக்கு. அந்த வருடம் எங்கள் துறையில் மட்டும் மூன்று குழுக்கள் இதே தலைப்பை எடுத்திருந்தன. புராஜெக்ட் சென்டர்களில் ரெடிமேடாகவே கிடைக்கும் தலைப்பு அது. நாங்களாகவே சால்டர் பண்ணினோம் என்பது மட்டும் எங்கள் பெருமை.

ஒரு சிக்கல். விளக்கு எரியவில்லை. எரியவே இல்லை என்று சொல்ல முடியாது. இருட்டறையில் குதித்தால் கண் சிமிட்டும். வெளிச்சத்தில் நடந்தால் ஒன்றும் தெரியாது. தேர்வுக்கு முந்தின ராத்திரி, கீழ்ப்பலகைக்கு அடியில் ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரியையும் ஒரு சுவிட்சையும் வைத்து டேப் போட்டு ஒட்டினோம். மறுநாள் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மிதித்தார், விளக்கு பளிச்சென்று எரிந்தது, "குட்" என்றார். நாலு பேருக்கும் நல்ல மதிப்பெண்.

அந்தப் பாயை பாபநாசம் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு எடுத்துப் போனேன். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மிதித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் தம்பி, இத மிதிச்சா எத்தன சால் தண்ணி வரும்?"

"தண்ணி இல்ல தாத்தா, கரண்டு."

"ஆமாம்ப்பா, கரண்டுதான் மோட்டார ஓட்டுது, மோட்டாருதான் தண்ணி எறைக்குது. அதான், எத்தன சாலு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்து அவர் கேட்டது இன்னும் விவகாரமான கேள்வி. "மிதிக்கிறவனுக்கு என்ன குடுப்பாங்க?" நான் சிரித்துவிட்டேன். யாரும் தனியாக மிதிக்கப் போவதில்லை, எப்படியும் நடந்து போகிறவர்கள்தானே, அந்த சக்தி வீணாகத்தானே போகிறது என்று விளக்கினேன். புராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்த அதே வாக்கியம். அவர் தலையாட்டினார், ஒத்துக்கொண்ட தலையாட்டல் மாதிரி தெரியவில்லை.

அவர் ஏற்றம் மிதித்தவர். குடமுருட்டிக் கரையில் ஒரு பண்ணையின் வெற்றிலைக் கொடிக்காலுக்கு, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

*

ஏற்றத்தை இப்போது முப்பது வயதில் இருப்பவர்கள் பெரும்பாலும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் பார்த்திருப்போம். கிணற்றோரம் நட்ட தூண்களின் மேல் குறுக்கே ஒரு நீண்ட மரம், அதுதான் துலா. சீசா பலகை மாதிரி ஏறி இறங்கும். கிணற்றுப் பக்க முனையில் ஒரு மூங்கில் கழி தொங்கும், கழியின் அடியில் சால். பனையோலையில் முடைந்ததாக இருக்கலாம், பிற்காலத்தில் இரும்புத் தகடு. துலாவின் மேல் ஒருவரோ இருவரோ ஏறி நின்று முன்னும் பின்னும் நடப்பார்கள். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு மூங்கில் இருக்கும், சில இடங்களில் அதுவும் இருக்காது. கிணற்றை நோக்கி நடந்தால் சால் இறங்கித் தண்ணீர் மொள்ளும். பின்னால் நடந்தால் சால் மேலே வரும். கீழே நிற்பவர் கழியைப் பிடித்து இறக்குவார், மேலே வந்ததும் சாலைச் சாய்த்து வாய்க்காலில் ஊற்றுவார். ஊற்றுகிறவர்தான் பெரும்பாலும் பாடுவதும். பாட்டில் எண்ணிக்கை கோர்த்து வரும். எத்தனை சால் ஆயிற்று என்று கணக்கு வைக்க அதுதான் வழி.

பொறியாளனாகப் பார்த்தால் இதில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. கையால் கயிறு இழுத்து இறைக்கும்போது தோளும் முதுகும் வேலை செய்கின்றன. சீக்கிரம் சோர்ந்துவிடும் தசைகள். ஏற்றத்தில் வேலை முழுக்கக் காலுக்கு. தாழ்ந்திருக்கும் பின்முனையிலிருந்து நடு அச்சை நோக்கி ஏறி வரும்போது மனிதன் தன் எடையைத் தானே மேலே தூக்கிவைக்கிறான். திரும்பிப் பின்னால் நடக்கும்போது அந்த எடை இறங்கி, சாலை மேலே கொண்டுவருகிறது. மாடிப்படி ஏறுகிற அதே தசைகள், அதே வேலை. உடம்பில் இருப்பதிலேயே பெரிய தசைகள் தொடையில்தான் இருக்கின்றன என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எவ்வளவு பழையது? பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில் நிலக்கொடையோடு சேர்த்து நீர் உரிமைகளும் எழுதப்படும்போது "குற்றேத்தம்", "கூடைநீர்" என்ற சொற்கள் வருகின்றன. குற்றேத்தம் சின்ன ஏற்றம். கூடைநீர் என்பது வாய்க்காலிலிருந்து இரண்டு பேர் எதிரெதிரே நின்று இறைகூடையால் வீசி இறைப்பது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவை தடைகளாக வருவதுதான். இந்த வாய்க்காலில் மற்றவர்கள் ஏற்றம் போட்டோ கூடையால் இறைத்தோ தண்ணீர் எடுக்கக் கூடாது. ஒரு ஆளின் காலடி வாய்க்காலின் கணக்கையே மாற்றும் அளவுக்குத் தண்ணீர் எடுத்துவிடும் என்று அன்றைக்கே பயந்திருக்கிறார்கள்.

ஆங்கிலேயர்கள் இதை "பிக்கோட்டா" என்று எழுதினார்கள். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. 1886இல் வந்த ஹாப்ஸன் ஜாப்ஸன் அகராதி இதைப் போர்ச்சுகீசியச் சொல் என்கிறது: கப்பலில் நீர் இறைக்கும் பம்பின் கைப்பிடியிலிருந்து வந்த பெயர். அதே சொல்லுக்குக் குற்றவாளியைக் கட்டிவைக்கும் தண்டனைத் தூண் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. தற்செயல்தான். ஆனால் பிறகு வேறொரு இடத்தில் இது ஞாபகத்துக்கு வரும்.

டெல்டாவில் ஏற்றம் பற்றிப் பேசினால் கம்பர் கதையைச் சொல்லாமல் விட மாட்டார்கள். தேரழுந்தூர்க்காரர் அல்லவா. போகிற வழியில் ஏற்றப்பாட்டு ஒன்றைக் கேட்டு நின்றாராம். ஏற்றக்காரர் ஒரு அடியைப் பாடிவிட்டு, பொழுது சாய்ந்ததும் பாட்டைப் பாதியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாராம். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று ராத்திரியெல்லாம் யோசித்தும் கம்பருக்குப் பிடிபடவில்லை, விடியும்வரை காத்திருந்து கேட்டாராம். வரலாறு இல்லை, கதைதான். கதையைச் சொல்கிற எல்லோரும் கவிஞரின் தூக்கமில்லாத இரவைச் சொல்கிறார்கள். என் தாத்தா சொல்லும்போது மட்டும் வேறு இடத்தில் நிறுத்துவார்: "பொழுது சாஞ்சா எறங்கிட வேண்டியதுதான். அவனுக்குக் காலு வலிச்சிருக்கும்ல."

*

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஏற்றத்தின் தாய்வீடு டெல்டா கிடையாது. வட ஆற்காடு, சேலம் மாதிரி கிணற்றுப் பாசன மாவட்டங்களில்தான் அது ஊர் ஊராக நின்றது. அங்கே ஆழக் கிணறுகளுக்கு மாடு பூட்டிய கமலையும் இருந்தது. தஞ்சாவூர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடிவரும் நாடு. கல்லணையில் திறந்தால் காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து வயலுக்கே வந்துவிடும். இங்கே ஏற்றம் வேண்டியிருந்தது ஆற்றுத் தண்ணீர் எட்டாத இடத்துக்கும் காலத்துக்கும்: மேட்டுப் படுகை, வாழை, காய்கறித் தோட்டம், முறை தண்ணீர் வராத கடைமடையில் நாற்றங்கால், மாசி பங்குனியில் ஆறு மணலாகிக் கிடக்கும்போது கொடிக்கால். வெற்றிலைக்கொடிக்கு ஈரம் காயவே கூடாது. ஆறு காய்ந்தாலும் மனிதன் ஏறி மிதிக்க வேண்டும்.

ஆனால் கால் மட்டும் எங்கள் ஊரில் எப்போதும் இயந்திரமாகத்தான் இருந்தது. சேற்றில் தழையைப் போட்டு மிதிப்பது, வைக்கோலை மிதித்து மிச்ச நெல்லை உதிர்ப்பது. அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, வெயிலில் காலாலேயே வரி வரியாகக் கிளறிக்கொண்டு போகும் பெண்களை அரிசி ஆலைகளில் நானே பார்த்திருக்கிறேன். அந்த நடையை யாரும் அளந்ததில்லை.

ஏற்றத்தை அளந்தவர் ஒருவர் உண்டு. ஆல்பிரட் சாட்டர்டன். 1880களின் கடைசியில் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்ததும் இவர்தான். நம் வீட்டு அலுமினியச் சட்டியின் பூர்வீகம் அங்கே இருக்கிறது. ஏற்றம், கமலை, எண்ணெய் எஞ்சின் மூன்றையும் ஒரே தராசில் வைத்து, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம், எவ்வளவு செலவு என்று ஒப்பிட்டு 1912இல் இறைவைப் பாசனம் பற்றி ஒரு புத்தகமே போட்டார். எஞ்சினும் பம்பும் வர வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காக ஏற்றத்தை மட்டம் தட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

இங்கிலாந்துக்காரர்களுக்குக் காலால் மிதிக்கும் இயந்திரம் புதிதும் அல்ல. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக ஒரு படிச்சக்கரம் வடிவமைத்தார். பெரிய உருளை, அதைச் சுற்றிலும் படிகள். கைதிகள் வரிசையாக நின்று ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், படி கீழே போய்க்கொண்டே இருக்கும். 1821இல் லண்டனின் பிரிக்ஸ்டன் சிறையில் அது தானியம் அரைத்தது. பல சிறைகளில் எதையும் அரைக்கவில்லை. வெறும் காற்றைச் சுழற்றியது. தண்டனைதான் நோக்கம். 1898 சிறைச் சட்டத்துக்குப் பிறகு அது ஒழிந்தது. அதன் பெயர்தான் டிரெட்மில். இன்றைக்கு நாங்கள் மாதச் சந்தா கட்டி ஏசி ஜிம்மில் மிதிப்பது, அதுவும் மின்சாரத்தில் ஓடுவது. காலிலிருந்து சக்தி எடுக்கக் கண்டுபிடித்த இயந்திரம், கால் ஓடுவதற்காகச் சக்தியைச் செலவழிக்கும் இயந்திரமாக மாறியது நூறு வருட வேலை.

*

சரி, தாத்தாவின் முதல் கேள்விக்கு வருவோம். கணக்கு பத்தாம் வகுப்பு இயற்பியல்தான்.

25 லிட்டர் சால், 4 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சால் தண்ணீரை மேலே கொண்டுவர 25ஐ 9.8ஆலும் 4ஆலும் பெருக்கினால் 980 ஜூல். தோராயமாக ஆயிரம் ஜூல். துலாவில் ஐம்பது கிலோ ஆட்கள் இருவர், ஒவ்வொரு முறையும் ஒன்றேகால் மீட்டர் ஏறி இறங்கினால் சுமார் 1,225 ஜூல் வரும். உரசலுக்குக் கொஞ்சம் போனாலும் கணக்கு உதைக்கவில்லை.

இப்போது பாய். பாயில் இருந்த பித்தளை வட்டின் மேல் ஒரு பீங்கான் பூச்சு உண்டு. அதை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும். பியேர் க்யூரியும் அண்ணன் ஜாக் க்யூரியும் 1880இல் படிகங்களில் கண்ட விளைவு. வீட்டு காஸ் லைட்டரில் டக்கென்று பொறி தெறிப்பது இதே சங்கதிதான். லைட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் வரும், ஆனால் மின்னோட்டம் மிகச் சின்னது, நேரமும் கண்ணிமைப்பு. எங்கள் பாயில் ஒரு மிதிக்குக் கப்பாசிட்டரில் சேர்ந்தது ஒரு மில்லிஜூல் அளவு. அதாவது ஒரு சால் தண்ணீருக்குக் கிட்டத்தட்டப் பத்து லட்சம் அடி. பேட்டரி இல்லாமல் விளக்கு ஏன் எரியவில்லை என்பது இப்போது புரியும்.

எங்கள் பாய் மோசமானது, நல்ல பாய் செய்யலாமே? செய்யலாம். ஆனால் சக்தி என்பது விசையை நகர்ந்த தூரத்தால் பெருக்குவது. தரை அமுங்கினால்தான் காசு. அறுபது கிலோ ஆள், ஐந்து மில்லிமீட்டர் அமுங்கும் ஓடு: 60, 9.8, 0.005. சுமார் 3 ஜூல். இது ஒரு துளியும் வீணாகாத கனவு ஓடு. இதற்கே ஒரு சாலுக்கு 330 அடி. இன்னும் அமுங்கட்டுமே என்றால், கோடையில் காவிரி மணலில் நடந்து அக்கரை போனவர்களைக் கேளுங்கள். (இன்னும் மணல் மிச்சமிருக்கும் இடத்தில் நடந்தவர்களை.) பாதி ஆறு தாண்டுவதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கால் புதையும் ஒவ்வொரு அங்குலத்தையும் திரும்ப ஏறுவது நாம்தான். அமுங்கும் தரை நடப்பவரிடமிருந்து எடுத்துத்தான் கொடுக்கிறது. "எப்படியும் வீணாகப் போகும் சக்தி" என்று நான் தாத்தாவிடம் சொன்னது இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இன்னொரு கணக்கு. பெரிய கோயில் வாசலில் கனவு ஓடுகள் பதித்து, பத்தாயிரம் பேர் ஆளுக்கு இருபது அடி மிதித்துப் போகிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 6 லட்சம் ஜூல். மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, ஆறில் ஒரு பங்கு யூனிட். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் மூன்று நிமிடம்கூட ஓடாது.

ஏற்றம் எவ்வளவோ தேவலை. நிமிடத்துக்கு ஐந்து சால், ஒரு நாளில் ஆறு மணி நேரம் நிஜமாக இறைத்தால் 45,000 லிட்டர். சக்திக் கணக்கில் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மேலே இருவர், கீழே ஒருவர், மூன்று பேரின் ஒரு நாள் உழைப்பு அரை யூனிட். இதே தண்ணீரை ஐந்து குதிரைத்திறன் மோட்டார் அரை மணி நேரத்தில் இறைத்துவிடும்.

உள்ளே போனது எவ்வளவு? ஒரு கிலோ அரிசியில் சுமார் 3,500 கிலோகலோரி, அதாவது ஏறக்குறைய 4 யூனிட். ஏற்றம் மிதிக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு அந்த அளவு சாப்பாடு வேண்டும். மூன்று பேருக்குப் பன்னிரண்டு யூனிட் சோறு உள்ளே, அரை யூனிட் தண்ணீர் வெளியே. மிச்சம் மூச்சுக்கும் வியர்வைக்கும் உயிரோடு இருப்பதற்கும் போய்விடுகிறது. தஞ்சாவூர் நெற்களஞ்சியம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம்: நெல் எரிந்துதான் நெல் விளைந்தது.

*

அந்தப் பன்னிரண்டு யூனிட்டும் அவர்களுக்குக் கிடைத்ததா என்பது தாத்தாவின் இரண்டாவது கேள்வி.

பண்ணையாளுக்குக் கூலி நெல்லாக வரும். மரக்காலிலும் படியிலும் அளந்து. எந்த மரக்கால், யார் அளக்கிறார்கள், தலை தட்டி அளக்கிறார்களா, குவித்து அளக்கிறார்களா என்பதில் ஒரு குடும்பத்தின் ராத்திரிச் சாப்பாடு இருந்தது. தாத்தா ஏற்றக் கூலியை எப்போதும் வாயால் சொன்னதில்லை. இரண்டு கையையும் சேர்த்துக் குவித்துக் காட்டுவார், பிறகு மேலே குவிந்திருப்பதை ஒரு கையால் வழித்துவிடுவது மாதிரி காட்டுவார். காலையில் ஏறும்போது வயிற்றில் நீராகாரம். மிதித்துக்கொண்டே இருக்கும்போது கண் இருட்டும், அப்போது மூங்கிலைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குப் பதில் குரல் மட்டும் கொடுப்பாராம். பாட்டு நின்றால் மேஸ்திரி திரும்பிப் பார்ப்பார்.

பண்ணையாள் வேலையை விட்டுப் போக முடியாது. தாமதமாக வந்தால் சவுக்கடி, சாணிப்பால். 1940களில் பி. சீனிவாசராவ் முதலானவர்கள் கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டி எதிர்த்தது இதைத்தான். 1952இல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குறைந்தபட்சக் கூலியும், நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பும் காகிதத்தில் வந்தன. பல மிராசுகள் பண்ணையாள் என்ற பெயரையே எடுத்துவிட்டுத் தினக்கூலிக்கு மாற்றிக்கொண்டார்கள். சட்டம் பாதுகாக்க ஆள் இல்லாமல் நின்றது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் அவர்கள் தரப்பு செய்தது. மறுவருடம் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அவர்கள் கூடுதலாகக் கேட்ட நெல்லில் எத்தனை யூனிட் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். போட விருப்பமில்லை.

பிக்கோட்டா என்ற சொல்லின் இரண்டாவது பொருள் எனக்கு ஞாபகம் வந்தது இங்கேதான்.

*

ஏற்றத்தை முடித்துவைத்தது சட்டம் அல்ல, மோட்டார். காவிரி மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது தமிழ்நாட்டுக்கு வருவதற்கு முன்பே: 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கம்பி போயிற்று. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது, 1937இல் அதன் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. டெல்டாவுக்கு வரும் தண்ணீர் அதற்கு முன் ஒரு டர்பைனைச் சுழற்றிவிட்டுத்தான் வருகிறது. ஆனால் எங்கள் ஊர் வயலுக்கு அந்தக் கம்பி வர இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. 1960இல் தஞ்சாவூர் தீவிர விவசாயத் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகு, மணற்பாங்கான இடங்களில் "ஃபில்டர் பாயின்ட்" குழாய்க் கிணறுகள் வந்தன. குறைந்த ஆழம், குறைந்த செலவு, முதலில் டீசல் எஞ்சின், பிறகு மோட்டார். சிறு விவசாயிகளுக்கு 1984இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் மின்சாரம் இலவசமானது.

இலவச மின்சாரத்தைப் பற்றி என் அலுவலக நண்பர்கள் பேசும்போது "ஃப்ரீபீ" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். நிலத்தடி நீர் இறங்குவது, மீட்டர் இல்லாதது, வாரியத்தின் கடன் எல்லாம் உண்மைதான், அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மோட்டார் துலாவிலிருந்து இறக்கிவிட்டது யாரை என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை. அது நில உடைமையாளருக்கே முதல் லாபம், கூலிக்காரருக்கு ஒரு வேலையும் போயிற்று என்று எதிர்க்கட்சி பேசலாம். தாத்தாவிடம் இதைக் கேட்டேன். "போனா போவட்டும்" என்றார். வேறெந்த வேலை போனதற்கும் அவர் இப்படிச் சொன்னதில்லை.

இறங்கிய கால்களை உலகம் மறுபடி ஏறச் சொன்னது இரண்டு விதமாக. ஒன்று ஏழைகளுக்கு. 1980 வாக்கில் வங்கதேசத்தில் குன்னார் பார்ன்ஸ் என்ற நார்வேப் பொறியாளர் மூங்கிலில் ஒரு மிதி பம்பு வடிவமைத்தார். இரண்டு மிதிகட்டை, இரண்டு உருளை. விலை மலிவு, நிஜமாகவே பயன்பட்டது. வங்கதேசத்திலும் வட, கிழக்கு இந்தியாவிலும் ஏராளமான சிறு விவசாயிகள் வாங்கினார்கள். மின்சாரமும் டீசல் காசும் இல்லாத இடத்தில், தன் வயலுக்குத் தானே மிதிப்பது வேறு கதை, அதைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. அப்புறம் இதில் ஒரு திருகல் வந்தது. க்ளைமேட் கேர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், விமானத்தில் பறப்பவர்கள் தங்கள் கரியமிலக் கணக்கை ஈடுசெய்யக் கட்டும் பணத்தில், இந்திய விவசாயிகள் டீசல் பம்பை விட்டு மிதி பம்புக்கு மாற உதவியது. 2007 வாக்கில் அங்கேயே பெரிய விவாதமானது. லண்டன்காரர் பறந்த கணக்கை நம்மூர்க்காரர் காலால் தீர்ப்பது.

இன்னொன்று பணக்காரர்களுக்கு. 2006இல் டோக்கியோ ரயில் நிலையத்தில் டிக்கெட் கேட் அருகே ஜப்பானிய ரயில்வே நிறுவனம் மின்தரையைச் சோதித்தது. 2008இல் ராட்டர்டாமில் ஆடினால் விளக்கெரியும் நடனக்கூடம். 2009இல் லண்டனில் பேவ்ஜென் நிறுவனம். 2014இல் ரியோ டி ஜெனிரோவின் குடிசைப் பகுதி ஒன்றில் ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் பணத்தில் ஒரு கால்பந்துத் திடல். புல்தரைக்கடியில் 200 பேவ்ஜென் ஓடுகள், பெலே வந்து திறந்துவைத்தார். பையன்கள் ஓடினால் விளக்கெரியும் என்று உலகமெல்லாம் செய்தி. கூடவே சூரியத் தகடுகளும் இருந்தன என்பது செய்தியின் கடைசிப் பத்தியில் வரும். எங்கள் ஒன்பது வோல்ட் பேட்டரியைவிட நாணயமான ஏற்பாடு, ஒத்துக்கொள்கிறேன்.

*

தாத்தா போய் ஏழு வருடம் ஆகிறது. போன வருடம் நான் வேலை பார்க்கும் வளாகத்தின் வரவேற்புக்கூடத்தில் நாலு ஓடுகள் பதித்தார்கள். பக்கத்தில் ஒரு திரை. மிதிக்க மிதிக்க அதில் எண் ஏறும், ஒரு மரம் பச்சையாகும். திரை ஓடுவது சுவரில் இருக்கும் பிளக்கில். முதல் வாரம் எல்லோரும் குதித்தோம், ரீல்ஸ் எடுத்தோம். மூன்றாவது வாரம் ஓட்டைச் சுற்றிப் போக ஆரம்பித்தோம். லிப்ட் வேறு பக்கம் இருக்கிறது.

ஒருநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. காலை ஏழே காலுக்குப் போனேன். கூடத்தில் வேறு யாரும் இல்லை. செக்யூரிட்டி அண்ணன் ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், ஓட்டின் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். வாக்கிங் என்று நினைத்தேன்.

"என்னண்ணே, காலையிலேயே?"

"நம்பர் கம்மியா இருக்குன்னு சொன்னாங்க சார். அவங்க வர்றதுக்குள்ள பத்தாயிரம் தாண்டணுமாம்."

திரையில் 6,212. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 6,218.

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"ஆறு மணிக்கு. நைட் டூட்டி முடிஞ்சு அப்படியே."

"இதுக்குத் தனியா ஏதாவது குடுப்பாங்களா?"

"இதுக்கென்ன சார் குடுக்கப் போறாங்க," என்று சிரித்தார். "நடக்கறதுதானே." திரும்பி அந்தக் கோடிக்கு நடந்தார்.